பூங்குருவிக்காகக் கூட்டிய தோப்பு

இருபத்து நான்கு வயதுக்காரியான என்னை "ரிட்டையர்டு அக்கா" என்று அழைப்பதில் திவ்யாவுக்குத் தனி மகிழ்ச்சி. என் இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள் அவள். செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் தோப்புகளிலும் பறவைகளைக் கணக்கெடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றில், இளங்கலை படிக்கத் தொடங்கியதிலிருந்து முதுகலைத் தமிழ் முடிக்கும்வரை நான் களப் பதிவாளராக இருந்தேன். ஆய்வுக்குச் சேர்ந்ததும் விலகிக்கொண்டேன். விலகியவளை விட்டுவிடுவதுதான் உலக வழக்கம். திவ்யா விடுவதாக இல்லை.

"அக்கா, ஒரு டவுட்டு. பொட்டி இன்னிக்கும் செந்தலைப் பூங்குருவின்னு சொல்லுது. எழுதவா, வேணாமா?"

"நீ பாத்தியா?"

"பாக்கலையே."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட கேக்குற?"

"பொட்டி சொல்லுதேக்கா!"

பெட்டி என்பது மரத்தில் கட்டிவைக்கும் ஒலிக்கருவி. காதில் விழும் குரலை இன்ன பறவை என்று பெயர் சொல்லி, அந்தப் பெயர் எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துக் கைப்பேசிக்கு அனுப்பும். நான் விலகும் தறுவாயில் சோதனைக்காக ஒன்று வந்தது. இப்போது ஒவ்வொரு தோப்பிலும் ஒன்று தொங்குகிறது. ஐயம் என்பதே அதற்குக் கிடையாது. ஐயமெல்லாம் திவ்யாவுக்கு வந்து, அவள் வழியாக என்னிடம் சேர்கிறது. பார்க்காததை எழுதாதே என்ற ஒரே விடையை வாரந்தோறும் சொல்லிச் சலித்துவிட்டதால், ஏன் அந்த விடை என்பதை ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இதைப் படித்த பிறகும் அவள் அழைப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் அலுவலகம் கடைத்தெருவில் ஒரு மளிகை மண்டியின் மாடியில் இருந்தது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே படியேற வேண்டும். கீழே கல்லாவில் இருப்பவர் நான் போகும்போதெல்லாம், "இன்னாம்மா, இன்னிக்கு எத்தினி குருவி லாபம்?" என்பார். எங்கள் நைனாவுக்கும் இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "புடிக்கவும் மாட்டீங்க, வெரட்டவும் மாட்டீங்க. எண்ணிட்டு இன்னாதான் பண்ணுவீங்க?" என்று கேட்பார். முதலிரண்டு ஆண்டுகள் எனக்கும் அதற்கு விடை தெரியாது. அந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உட்காரக் கற்றேன். கொசு கடித்தாலும் கையை ஓங்காமலிருக்கக் கற்றேன். மற்றதெல்லாம் ஏழுமலை சாரிடம் பட்டுக் கற்றது.

ஏழுமலை சார் எங்கள் பொறுப்பாளர். ஐம்பதைக் கடந்தவர். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை அன்றி வேறு அணிந்து நான் பார்த்ததில்லை. குன்றில் ஏறினாலும் அதே சட்டைதான். பாறையில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையை விரிப்பார். எழுந்ததும் அதை உதறி, அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி நான்காக மடித்துப் பைக்குள் வைப்பார். மேலிடத்திலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதல் நாளே சட்டையை இரண்டு முறை தேய்த்துவைப்பார். அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருடைய முதுகு தானாக வளையும். ஆனால் பறவை விஷயத்தில் அவரை வளைக்க முடியாது.

நான் முதன்முதலில் செந்தலைப் பூங்குருவியைப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேரு எங்க ஓடிப்போவுது, அத கடசில சொல்லலாம். எங்க இருந்தது?"

"தரையில, சார்."

"இன்னா தின்னுது?"

"சரியா பாக்கல, சார்."

"எப்படிப் போச்சு? தத்திக்கிட்டா, நடந்தா, பறந்தா?"

"பறந்துன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? சரிம்மா. நாளைக்குப் போயி பாத்துட்டு வா."

அன்றைய பதிவில் அந்தப் பறவை இல்லை. நான் கண்ணால் கண்ட பறவை! அழுகை வரவில்லை, கோபம் வந்தது. படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல அங்கே இருந்தாக வேண்டும் என்பதை நானே கண்டுகொள்ள ஒரு பனிக்காலம் முழுவதும் பிடித்தது. அதை முதல் நாளே ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்.

அவருடைய விதிகள் சில. வெளிச்சம் பரவுவதற்கு முன் இடத்தில் இருக்க வேண்டும். மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, தவிட்டுக்குருவிகள் மறுபடி சளசளக்கத் தொடங்கும்வரை எதையும் எழுதக்கூடாது. நம்மை அவை மறந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். விரல் நீட்டக்கூடாது. கேட்டதையும் பார்த்ததையும் கலக்கக்கூடாது. நேற்றுப் பார்த்ததை இன்றைக்கு எழுதக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கக்கூடாது. தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதென்று அது தீனியை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலையும்.

பூங்குருவிக் குடும்பம் பாட்டுக்குப் பேர்போனது. ஆனால் பாட்டெல்லாம் கூடு கட்டும் காலத்துக்கும் கூடு கட்டும் ஊருக்கும் உரியது. எங்கள் ஊருக்கு அவை பனிக்காலத்தில் பிழைக்க வருகின்றன; பாட வரவில்லை. செந்தலைப் பூங்குருவி மைனாவைவிடச் சற்றுச் சிறியது. தலையும் மார்பும் சுட்ட செங்கல்லில் ஆரஞ்சுச் சாறு தெளித்தாற்போன்ற நிறம்; முதுகு சாம்பல் நீலம். தென்னாட்டு மலைகளிலேயே வாழ்பவற்றுக்குக் கன்னத்தில் நெடுக்காக இரண்டு கரிய கோடுகள் இருக்கும். எங்களிடம் வந்தவற்றுக்குக் கோடு இல்லை. அவை இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்து வருபவை. கோட்டை மதிலில் தனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் நீலப் பூங்குருவியையும் இதே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள்; பிறகு ஆராய்ந்தவர்கள் அதை ஈப்பிடிப்பான்களோடு சேர்த்துவிட்டார்கள். அதற்கு யாரும் தெரிவித்ததாகத் தெரியவில்லை. அது அதே மதிலில் அதே தோரணையில்தான் இருக்கிறது.

செந்தலைப் பூங்குருவிக்கு மதில் ஆகாது. நிழலும் சருகும் வேண்டும். ஈரச் சருகுக்கு அடியில்தான் அதன் சாப்பாடு: புழு, பூச்சி, சிறு நத்தை. கோழியைப்போலக் காலால் கிளறாது. அலகால் ஓர் இலையைப் பிடித்து ஓரமாக எறியும். நிற்கும். தலையைச் சாய்க்கும். இரண்டு தத்து முன்னே வைக்கும். மறுபடி ஓர் இலை. ஆள் அரவம் கேட்டால் ஓசையில்லாமல் ஒரு தாழ்ந்த கிளைக்குப் போய், நாம் சலித்து எழும்வரை சிலையாக நிற்கும். ஒரு பனிக்காலத்தில் பிடித்துப்போன இடத்துக்கு அடுத்த பனிக்காலத்திலும் வரும். அந்த இடம், எங்கள் பகுதியில், சிங்கவரம் போகும் சாலையோரத்துக் கன்னியம்மன் தோப்பு. புளி, வேம்பு, புங்கம், ஓர் ஆலமரம், நடுவே சிறிய அம்மன் கோயில். யாரும் கூட்டாத தரை. கணுக்கால் புதையும் சருகு.

யாரும் கூட்டாத என்று எழுதினேன். நான் விலகுவதற்கு முந்தைய பனிக்காலம்வரை அது உண்மை.

கோட்டைக்கு வரும் வண்டிகள் பெருகிவிட்டதால் ஒரு நிறுத்துமிடம் தேவைப்பட்டது. இரண்டு இடங்களைப் பார்த்திருந்தார்கள். ஒன்று கன்னியம்மன் தோப்பு. மரங்களை வெட்டினால் சமதரை. மற்றொன்று சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த தரிசு. பாறைகளை உடைத்து நிரவ வேண்டும். எது எளிது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏழுமலை சார் மனுமேல் மனுவாக எழுதியதில் நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பான அரசு அதிகாரி ஒரு வார்த்தை கொடுத்தார்: "காட்டுப் பறவை வந்து தங்குதுன்னா நேர்ல காட்டுங்க. என் கண்ணால பாத்துட்டேன்னா தோப்ப விட்டுடறேன். இல்லேன்னா பார்க்கிங்." நாளும் குறித்தார்.

நான் தினமும் விடியலில் தோப்பில் இருந்தேன். பறவை ஆலமரத்துக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரே துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு தவறாமல் வந்தது. காட்டுவதில் சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிக்கல் அஞ்சலையக்காவிடமிருந்து வரலாம் என்றுதான் நினைத்தேன். அவர் தோப்பின் முகப்பில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர். நிறுத்துமிடம் வந்தால் தனக்கு நல்லது என்பதை அவர் ஒளித்ததில்லை.

"ஏ பொண்ணு, வண்டி வந்தா ஆளு வரும், ஆளு வந்தா இட்லி துண்ணும். உன் குருவி இட்லி துண்ணுமா?"

"துண்ணாதுக்கா."

"சட்னி?"

"அதுவும் துண்ணாது."

"அப்ப அது எனக்கு எதுக்கு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் எனக்குக் கல்லூரியில் தேர்வு. தோப்புக்குப் போகவில்லை. மறுநாள் விடியலில் போனபோது, தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் நின்றேன். சருகு இல்லை. ஓர் இலைகூட இல்லை. செம்மண் தரை முழுவதும் துடைப்பத்தின் கீறல்கள் வரிவரியாக, வாரிவிட்ட தலையைப்போல. நடைபாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடாக பிளீச்சிங் பவுடர். புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு நாற்காலிக்கு மட்டும் பூத்துவாலை. ஒரு குலை இளநீர். கோயிலுக்குப் பின்னால் சருகெல்லாம் கரிந்து புகைந்துகொண்டிருந்தது.

இவை எல்லாவற்றுக்கும் நடுவில், புதிதாய்த் தேய்த்த சட்டையில், ஏழுமலை சார்.

"எப்படிம்மா இருக்குது? அஞ்சலையையும் இன்னும் ரெண்டு பேரையும் வெச்சி முந்தாநாள் தொட்டு கூட்டினோம். கண்ணாடி மாதிரி இல்ல?"

நான் குரலை உயர்த்துபவள் அல்ல. அன்றும் உயர்த்தவில்லை. "சார், அது இன்னா தின்னுது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சிரித்தபடியே வாயைத் திறந்தார். பிறகு தரையைப் பார்த்தார். சிரிப்பு அவருடைய முகத்திலிருந்து உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது. ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு பதிவாளரிடமும் அதே கேள்வியைக் கேட்டவர். பெரிய மனிதர் வருகிறார் என்றால் இடத்தைக் கூட்டிப் பவுடர் போடுவது என்பது அவருடைய மூளை வழியாகப் போகாமல் நேரே கைக்கு வந்துவிட்ட பழக்கம். வேறு யாருக்கும் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. பறவையைப் பற்றித் தெரியாதவர்கள் அதிகாரியை அழைத்திருக்கவே மாட்டார்கள், கூட்டியிருக்கவும் மாட்டார்கள்.

அஞ்சலையக்கா இட்லித்தட்டை அடுப்பில் ஏற்றியபடி, "கூட்டுன்னு சொன்னாரு, கூட்டினேன். இதுல ஏதாச்சும் தப்பா இருந்தா அவரக் கேளு, என்னக் கேக்காத," என்றார்.

நாங்கள் உட்கார்ந்தோம். தவிட்டுக்குருவிகள்கூட இறங்கவில்லை. ஒரு காகம் வந்து தரையைப் பார்த்துவிட்டுப் போனது.

அதிகாரி ஜீப்பில் வந்தார். உடன் ஓர் இளவயது உதவியாளர். ஏழுமலை சார் பொன்னாடை போர்த்தினார். இளநீர் குடித்தார்கள். "எங்க உங்க குருவி?" என்று அதிகாரி கேட்டார். "வரும்ங்க ஐயா," என்றார் சார். இந்த இரண்டு வாக்கியங்களும் பலமுறை பரிமாறப்பட்டன. வெயில் ஏறியது.

சோதனைக்கு வந்திருந்த ஒலிப்பெட்டி அன்று புங்கமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனோடு இணைந்த கைப்பேசி ஏழுமலை சாரின் கையில். உதவியாளருக்குப் பொழுது போகவில்லை. புங்கமரத்தடிக்குப் போய், தன் கைப்பேசியில் எதையோ தேடினார். அடுத்த கணம் தோப்பில் ஒரு பாட்டு எழுந்தது. மேலேறி, குழைந்து, திரும்பி, மறுபடி மேலேறும் பாட்டு. எங்கோ வடக்கே, கூடு கட்டும் காலத்தில், ஓர் ஆண் பூங்குருவி பாடியது. உண்மையிலேயே அழகாக இருந்தது. பாட்டு முடிந்ததும் சாரின் கையிலிருந்த கைப்பேசி மணியடித்தது.

சார் திரையைப் பார்த்தார். உதவியாளர் ஓடிவந்து எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்: "செந்தலைப் பூங்குருவி! தொண்ணூத்தி நாலு சதவீதம் சார்!"

"வந்துடுச்சா?" அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் கேட்டேனே, இப்பதான் ஒண்ணு பாடுச்சே! பிரமாதம்யா. மிஷினே சொல்லிடுச்சு, அப்புறம் இன்னா. எழுதிக்கோ, பறவை இருக்குதுன்னு."

உதவியாளருக்குத் தான் செய்தது புரிந்துவிட்டது. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தார். ஏழுமலை சார் என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் நின்றிருந்தால் போதும், தோப்பு பிழைத்திருக்கும்.

அந்தக் கணத்தில் பெரிய அறப்போராட்டம் ஒன்று என்னுள் நடந்ததாக எழுதினால் பொய்யாகும். எனக்கு எரிச்சல்தான் இருந்தது. பவுடர், பூத்துவாலை, புகை, இப்போது இந்தப் பாட்டு. ஒரு பறவைக்காக இத்தனையும் செய்து, அந்தப் பறவை மட்டும் அங்கே இல்லாமலிருக்க ஏற்பாடு செய்திருந்தோம்.

"சார், அது இவரோட போன்," என்றேன்.

"இன்னாது?"

"பொட்டி கேட்டது இவரு போன்ல போட்ட பாட்ட. குருவி இன்னிக்கு வரல. பனிக்காலத்துல இங்க அது இப்படிப் பாடவும் பாடாது."

அதிகாரி உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் இன்னும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குருவி இல்ல."

"இன்னிக்கு இல்ல, சார். முந்தாநாள் காலையில பாத்தேன்."

"முந்தாநாள் நான் வரலியேம்மா. இன்னிக்கு ஏன் இல்ல? எனக்கு பயந்துச்சா?"

காரணம் என் காலடியில் வரிவரியாகக் கிடந்தது. அதைச் சொல்வது என் பொறுப்பாளரை அதிகாரியின் முன்னால் காட்டிக்கொடுப்பதாகும். பறவையைப் பற்றிய உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. அவரைப் பற்றியதைச் சொல்ல இருந்ததா என்று தெரியவில்லை. அதிகாரி எழுந்து பொன்னாடையை மடித்து உதவியாளரிடம் கொடுத்தார். கொடுத்ததும் ஜீப்பை நோக்கி நடக்கப் போகிறார் என்பது தெரிந்தது.

"நான்தான்ங்க ஐயா கூட்டச் சொன்னேன்," என்றார் ஏழுமலை சார்.

"எத?"

"சருக. அந்தக் குருவிக்கு சாப்பாடே சருகுக்கு அடியிலதான். ஐயா வர்றீங்கன்னு சுத்தமா இருக்கட்டும்னு கூட்டி எரிச்சிட்டேன். தப்பு எம்மேலதான். தோப்பு மேல இல்ல."

அதிகாரி தரையைக் குனிந்து பார்த்தார். "ஏன்யா, குருவி காட்டுறேன்னு கூப்ட்டு, குருவிக்குச் சோறு இல்லாம பண்ணி வெச்சிருக்கியா?"

"ஆமாங்க."

அஞ்சலையக்கா வண்டியருகிலிருந்து வாய்விட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கூட்டாம விட்டா வருமா?"

"வரலாம், சார்."

"வருமா, வரலாமா?"

"வரலாம்."

"இந்தப் பொண்ணு ஒரு வார்த்தைய விட்டுத் தரமாட்டேங்குது," என்று அலுத்துக்கொண்டார். "சரி. மாசக் கடைசியில கோப்பு மேல போவணும். அதுக்கு முன்ன ஒருக்கா வர்றேன். அப்பவும் இல்லேன்னா என்ன ஒண்ணும் கேக்கக் கூடாது."

அதன் பிறகு சருகு விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே என் வேலையாயிற்று. இலையுதிரும் பருவம் என்பது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்தது. மரங்கள் தாராளமாகக் கொட்டின. ஆனால் உதிர்ந்த இலை உடனே சருகுத் தரை ஆகிவிடாது. அது பனியில் நனைந்து, அடியில் மக்கி, அதில் பூச்சி குடியேற வேண்டும். அதற்குள் பூங்குருவி வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கலாம். வடக்கே கிளம்பும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. இவற்றில் எதையும் விரைவுபடுத்த எனக்குத் தெரிந்த வழி எதுவும் இல்லை. பிளீச்சிங் பவுடர் கோடுகளை மட்டும் மேல்மண்ணோடு அள்ளிக் கொட்டினேன்.

இதற்கிடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூய்மைப்பணிக் குழு ஒன்று பதாகையோடும் கையுறைகளோடும் வந்து இறங்கியது. தோப்பைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். நான் குறுக்கே நின்றேன்.

"பிளாஸ்டிக்க எடுங்க. இலைய விட்டுடுங்க."

"இலையும் குப்பதானே மேடம்?"

"இல்ல."

"அப்ப இது இன்னா?"

"சாப்பாடு."

அவர்களுடைய தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். சிரித்தார்கள். ஒரு வழியாகக் காலிப் புட்டிகளை மட்டும் பொறுக்கி, பதாகையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிளம்பும்போது அஞ்சலையக்காவிடம் எல்லாரும் இட்லி வாங்கினார்கள்.

"பாத்தியா, குப்ப பொறுக்க வந்த கூட்டமே இவ்ளோ துண்ணுதே," என்றார் அஞ்சலையக்கா. "பார்க்கிங் வந்தா எப்படி இருக்கும்! நீ ஒருத்தி குறுக்க நிக்குற."

தவிட்டுக்குருவிகள் முதலில் இறங்கின. பல நாட்கள் அவை மட்டும்தான். கூட்டமாக இலைகளைப் புரட்டும், சத்தம் மழை பெய்வதுபோல் இருக்கும். ஏழுமலை சார் தினமும் வந்தார். கைக்குட்டையை விரித்து எனக்கு எதிர்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்பதால் பார்ப்பதைத் தவிர்த்தேன். பிறகு ஒரு காலையில், தவிட்டுக்குருவிகள் வேலிப்பக்கம் நகர்ந்த பின்னும், கோயிலுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓர் இலை. நிறுத்தம். ஓர் இலை. சார் மெல்லத் தலையைத் திருப்பினார். இருவருமே விரல் நீட்டவில்லை.

அதிகாரி இரண்டாம் முறை வந்தது வெயில் ஏறிய பிறகு. விடியலில் வருவதாகச் சொன்னவர். நாற்காலி போடவில்லை, இளநீர் இல்லை. சருகில் கால் புதைய நடந்துவந்து, ஆலமரத்து வேரில் உட்கார்ந்தார். "சத்தம் போடாதீங்கய்யா," என்று ஏழுமலை சார் மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்தில் பறவை வர வாய்ப்புக் குறைவு என்பது எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும். அதிகாரி இருமினார். தொடையைத் தட்டினார். கைப்பேசியில் யாரிடமோ, "ஆமா, குருவிக்காக ஒக்காந்திருக்கேன், நெசமாதான்," என்றார்.

அப்போது வந்தது. ஆலமரத்தின் அடர்நிழலில், அவர் செருப்புக்கு எதிரே ஏழெட்டடி தூரத்தில், எங்கிருந்து இறங்கியது என்று தெரியாமல். ஓர் இலையை எறிந்தது. நின்றது. தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. நாங்கள் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்தார். பூங்குருவி இன்னோர் இலையை எறிந்து, அடியிலிருந்து ஒரு புழுவை நீளமாக இழுத்து, விழுங்கி, இரண்டு தத்துத் தத்தியது. மடியிலிருந்த கைப்பேசியிலிருந்து, "ஹலோ, ஹலோ" என்று யாரோ கத்தியதும் ஓசையில்லாமல் கிளைக்குப் போய்விட்டது.

"இவ்ளோதானா?" என்றார் அதிகாரி.

"இவ்ளோதான், சார்."

"நான் மயிலாட்டம் பெருசா இருக்கும்னு நெனச்சேன்." எழுந்தார். வேட்டியில் ஒட்டிய சருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். செருப்புக்குள் புகுந்ததைக் காலை உதறி எடுத்தார். அவர் முகம் சுளித்தது. "எல்லாம் சரிய்யா. பாத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா மனுஷன் வந்து ஒக்கார்ற மாதிரி இந்த எடத்தக் கொஞ்சம் சுத்தமா வெச்சிக்கக் கூடாதா?"

கோப்பு இன்னும் உதவியாளரின் கையில்தான் இருந்தது. அதில் எதுவும் எழுதப்படவில்லை. ஏழுமலை சாரின் முதுகு வழக்கம்போல வளைந்தே இருந்தது. இரு கைகளும் கட்டியே இருந்தன. மேலிடத்தில் யார் எது சொன்னாலும் "ஆகட்டும்ங்க" என்று மட்டுமே அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"கூடாதுங்க ஐயா," என்றார்.

அதிகாரி அவரைப் பார்த்தார். பிறகு காலடியைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கோப்பை வாங்கி, ஜீப்பின் முன்மூடியின் மேல் வைத்து ஏதோ எழுதினார். எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏறிப் போய்விட்டார்.

ஜீப் சிங்கவரம் வளைவில் மறையும்வரை சார் கைகட்டியபடியே நின்றார். மறைந்ததும் அங்கேயே, கைக்குட்டை விரிக்காமல், சருகின் மேல் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோம்மா?"

"ஒரே வார்த்ததான், சார்."

வண்டிகள் இப்போது எதிர்ப்புறத் தரிசில் நிற்கின்றன. அங்கே ஒரு மரமும் இல்லை. ஓட்டுநர்கள் வண்டியைப் பூட்டிவிட்டுச் சாலையைக் கடந்து, நிழலுக்குத் தோப்பின் முகப்புக்கு வந்து, நின்றபடியே இட்லி சாப்பிடுகிறார்கள். அஞ்சலையக்கா இதற்காக என்னிடம் ஒருமுறையும் நன்றி சொன்னதில்லை.